மாளிகைப் பீங்கான்

நான் பல் செய்கிறவள். பல் வைத்தியர் இல்லை. வைத்தியர் வாயில் அச்செடுத்து, ஒரு சின்னப் பெட்டியில் போட்டு எங்கள் லாபுக்கு அனுப்புவார். நான் பீங்கான் மாவைத் தூரிகை நுனியில் எடுத்து, அடுக்கடுக்காக வைத்துக் கட்டி, சூளையில் சுட்டு, ஒரு பல்லாக்கித் திருப்பி அனுப்புவேன். கடைவாய்ப் பற்களை இப்போது இயந்திரமே கடைந்து தந்துவிடுகிறது. சிரித்தால் தெரிகிற முன்பற்கள்தான் கைக்கு வரும். அவை என் மேசைக்கு வரும்.

பிறந்தது மன்னார். தொழில் படித்தது கொழும்பில். மெல்பேர்னுக்கு வந்து பதினெட்டு வருஷமாக கிளேட்டன் பக்கம் ஒரே லாபில் இருக்கிறேன். ரோவிலில் இருந்து காரில் போய்வருவேன். எனக்கு வேலை பிடிக்கும். ஆனால் அதைப் பற்றி வெளியில் பேசுவது குறைவு. பிறந்தநாள் விழாக்களில் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்: ஒருத்தி கணக்காளர், ஒருத்தி ஐ.டி., ஒருத்தி நேர்ஸ். என் முறை வரும்போது "பல் கட்டுற வேலை" என்பேன். "ஓ" என்று ஒரு சத்தம் வரும், பிறகு பேச்சு கறிக்குப் போய்விடும். என் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது அம்மா ஒரு டென்டிஸ்ட் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆசிரியை என்னைக் கண்டதும் தன் ஞானப்பல் வலியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு அது தெரிந்தது. நான் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்தும் மகளிடம் கேட்கவில்லை.

என் தொழிலில் நன்றாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. பல்லுக்குச் சொந்தக்காரர்கூட ஒரு மாதத்தில் மறந்துவிடுவார். அதுதான் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வைத்தியர் தன்னிடம் வந்த ஒரு பெண்ணை நேரே லாபுக்கு அனுப்பினார். சைக்கிளில் இருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்திருந்தது. மற்ற பற்களின் நிறம் மிகவும் சிக்கலானது, நீங்களே பார்த்துப் பிடியுங்கள் என்று சீட்டில் எழுதியிருந்தார். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஈரானில் பிறந்தவர். நான் அவரை ஜன்னலோரம் இருத்திப் பார்த்தேன், பிறகு உள்ளே குழல் விளக்கின் கீழ் நிறுத்திப் பார்த்தேன், பிறகு வாசலுக்குக் கூட்டிப்போனேன்.

"ஏன் இவ்வளவு நடக்கவிடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வெயிலில் பொருந்துகிற நிறம் விளக்கில் பொருந்தாது. நீங்கள் இரண்டிலும் சிரிக்க வேண்டுமே" என்றேன். "வாயை மூடி நாக்கால் நனைத்துக்கொள்ளுங்கள். பல் காய்ந்தால் வெளுத்துக் காட்டும்."

அவர் நனைத்துக்கொண்டார். நான் எழுதிக்கொண்டதை எட்டிப் பார்த்தார். அடியில் மஞ்சள், நடுவில் கொஞ்சம் செம்மை, நுனியில் நீலச்சாம்பல், அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தோல் என்று குறித்திருந்தேன்.

"என்னுடைய ஒரு பல்லிலா இத்தனையும்?"

"எல்லாருடைய பல்லிலும் இருக்கிறது. வெள்ளை என்று ஒரு நிறம் இல்லை."

அவர் நான் குறித்ததைத் திரும்பவும் வாசித்தார். பிறகு, தான் ஒரு அருங்காட்சியகத்தில் உடைந்த பாத்திரங்களைச் செப்பனிடுபவர் என்றும், ஒரு வெள்ளை நிறம் தன்னை நான்கு மாதமாக அலைக்கழிக்கிறது என்றும் சொல்லி, நேரமிருந்தால் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். பல்லைப் பொருத்திய பிறகு இன்னொருமுறை தொலைபேசியில் அழைத்தார். ஒரு சனிக்கிழமை போனேன்.

அருங்காட்சியகம் இருக்கும் அந்த வீட்டை அக்கம்பக்கத்தார் இன்றைக்கும் பலஸ், அதாவது அரண்மனை, என்றுதான் சொல்வார்கள். தங்கம் தோண்டிய காலத்தில் பணம் சேர்த்த ஒருவர் கட்டியது. பிறகு கவர்னர் ஒருவரின் குடும்பம் இருந்ததாம், அதற்குப் பிறகு நேர்ஸ்மாரின் விடுதி. ஒரு கோபுரம், மாபிள் படிக்கட்டு, ஆயிரம் பேர் ஆடலாம் போல ஒரு மண்டபம். கடைசியில் ஒரு குடும்பம், தாங்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்த இஸ்லாமியப் பீங்கான்களைக் கொடுக்க, அரசு கட்டடத்தைக் கொடுக்க, அருங்காட்சியகமாயிற்று. ஆடுகிற மண்டபத்தின் சுவர்களில் துருக்கி ஓடுகள், நீலமும் தக்காளிச் சிவப்புமாக. கவர்னர் குடும்பம் விருந்துண்ட அறையில் ஈரானியப் பாத்திரங்கள். பதினைந்து வருஷத்தில் அதன் மதிலைத் தாண்டி எத்தனையோ தரம் போயிருக்கிறேன். கல்யாண மண்டபம் என்று நினைத்திருந்தேன்.

அவருடைய வேலைத்தளம் பின்கட்டில், முன்பு உடுப்புத் தோய்த்த அறையில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் மேசைதான். அதே தூரிகைகள், அதே உருப்பெருக்கி, அதே பாரிஸ் சாந்து வாசனை. சூளை மட்டும் இல்லை.

நடுவில், மணல் நிரப்பிய தட்டில் ஒரு கிண்ணம் இருந்தது. கிழக்கு ஈரானில் ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன் செய்தது. செம்மண்ணால் வனைந்து, வெள்ளைக் களிமண் கரைசல் பூசி, கறுப்பால் எழுதி, மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்துச் சுட்டது. உள்விளிம்பைச் சுற்றி எழுத்து. எழுத்தென்று அவர் சொல்லித்தான் தெரியும், எனக்கு அது வரிசையாக நிற்கிற உயரமான ஆட்களைப் போல இருந்தது. ஒரு பக்கத்தில், என் மூன்று விரல் அகலத்துக்கு, துண்டு இல்லை. அந்த இடத்தைச் சாந்தால் நிரப்பி வெள்ளை பூசியிருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு குறையும் இல்லை. விளக்கைப் போட்டதும் அந்த இடம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டிய காயம் மாதிரித் துருத்திக்கொண்டு வந்தது.

"நான்கு தரம் பூசி நான்கு தரம் கழற்றிவிட்டேன்" என்றார்.

நான் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு அது தெரிந்த பொருள். வெள்ளை அடியில் இருக்கிறது, அதற்கு மேல் மெல்லிய மஞ்சள் பாய்ந்த கண்ணாடி. வெளிச்சம் கண்ணாடிக்குள் போய், வெள்ளையில் முட்டி, திரும்பி வருகிறது. முன்பல்லும் இப்படித்தான் வெளிச்சத்தை விழுங்கித் திருப்பித் தரும்.

"நீங்கள் ஒரே நிறத்தை மேலே பூசியிருக்கிறீர்கள்" என்றேன். "இது மேலே இல்லை. உள்ளே இருக்கிறது."

ஆறு சனிக்கிழமைகள் போனேன். அந்தக் கிண்ணத்தைச் சூளைக்குள் வைக்க விடமாட்டார்கள் என்பது முதல் பாடம். நாளை ஒருவர் கழற்ற நினைத்தால் கழற்றக்கூடியதாக எல்லாம் இருக்க வேண்டும். ஆகவே சுடாமல், கழுவினால் போய்விடுகிற பூச்சுகளால் பல்லின் அடுக்குகளைக் கட்ட வேண்டியிருந்தது. உடைந்த ஓட்டுத் துண்டுகளில் பூசிப் பார்த்து, காட்சி அறை விளக்கின் கீழும் ஜன்னலிலும் முற்றத்திலும் வைத்து வைத்துப் பார்த்தோம். மூன்றாவது சனிக்கிழமை வெள்ளைக்குள் ஒரு துளி காவி சேர்த்தேன். நான்காவதில் கண்ணாடிப் பூச்சுக்கு நான் முன்பல் நுனியில் செய்வதுபோலச் சாம்பலை மிக மெல்லிதாகத் தொட்டேன்.

அப்படி ஒரு மத்தியானம் புட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது மகள் அழைத்தாள். "குசினியிலை பீங்கான் இருக்கு, கறியைப் போட்டு மூடி வை, கதிரையிலை வைக்காதை" என்றேன். போனை வைத்ததும் அவர் கேட்டார், "இப்போது ஒரு சொல் சொன்னீர்களே, பெங்கான்?"

"பீங்கான். சாப்பிடுகிற தட்டை நாங்கள் அப்படிச் சொல்வோம். இந்த மண்ணுக்கும் அதுதான் பேர்."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "எங்கள் பழைய பாரசீகத்தில் பெங்கான் என்றால் கிண்ணம். அரேபியர் அதை எடுத்துப் பிஞ்சான் ஆக்கினார்கள், கோப்பி குடிக்கிற குவளை. உங்கள் ஊருக்கு எப்படிப் போனது?"

"கப்பலில் வந்திருக்கும்" என்றேன். "எங்கள் ஊரில் எல்லாம் கப்பலில் வந்ததுதான்." இரண்டு பேரும் அந்தச் சொல்லை மாறி மாறிச் சொல்லிச் சிரித்தோம். சாப்பிட்டு முடிந்த பிறகு நான் தனியாக விருந்து அறைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பீங்கான், பீங்கான் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். காவலாளி என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது சனிக்கிழமை முடித்தேன். என் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த வேலை அது என்று கையை எடுக்கும்போதே தெரிந்தது. அவர் தூரத்தில் நின்று பார்த்தார். கிட்ட வந்து பார்த்தார். உருப்பெருக்கியை எடுத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"இதை நீங்கள் கொஞ்சம் கெடுக்க வேண்டும்."

எனக்கு விளங்கவில்லை.

"எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. ஆறடி தள்ளி நிற்கிறவருக்கு ஒட்டுத் தெரியக் கூடாது. ஆறு அங்குலத்தில் நிற்கிறவருக்குத் தெரிய வேண்டும். எனக்கே எந்த இடம் என்று தெரியவில்லை."

"தெரியாமல் செய்வதற்குத்தானே கூப்பிட்டீர்கள்?"

"ஆயிரம் வருஷத்துக்கு முன் இதை ஒருவர் செய்தார். நீங்கள் செய்ததை அவர் செய்ததாக ஒருவர் நம்பிப் போனால், அது பொய்யாகிவிடும்."

நான் கைகளைக் கழுவினேன். என் தூரிகைகளைச் சுருட்டிப் பையில் வைத்தேன். மரியாதையாகப் போய்வருகிறேன் என்று சொன்னேனா என்பதுகூட ஞாபகமில்லை. கார் ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்குக் கண் கலங்கியது. ஒட்டுத் தெரியாமல் செய்வதற்குப் பதினைந்து வருஷம் சம்பளம் வாங்கியவள் நான். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். நான் சொன்னதையெல்லாம் பின்முற்றத்தில் உடுப்பு மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுத்தையாவது முடிச்சு விடட்டோ எண்டு முந்தியும் கேட்டனான். அந்தக் கறுப்புக் கோடு பாதியிலை நிக்குது. அதுக்கும் விடமாட்டன் எண்டிட்டா" என்றேன்.

"அப்ப உம்மட வேலை உம்மட வேலையாத் தெரியோணும் எண்டு சொல்லுறா."

"ஓம்."

"இதிலை கோவிக்க என்னப்பா கிடக்கு? எனக்கு ஆரும் அப்பிடிச் சொன்னதில்லை. நான் இத்தனை வருஷமா பஸ் ஓட்டுறன், இறங்கேக்கை ஆர் ஓட்டினது எண்டு ஆரும் பாக்கிறேல்லை."

நான் உடுப்புக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்குக் கோபம் அன்றைக்கு ஆறவில்லை. ஆனால் அந்தக் கிழமை லாபில் ஒரு முன்பல்லை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இந்தப் பல்லைப் பொருத்திக்கொள்ளப் போகிற ஆளுக்கு நான் என்று ஒருத்தி இருப்பது தெரியப் போவதில்லை என்ற நினைப்பு முதல் தரமாக என்னை உறுத்தியது. அதுவரை அது உறுத்தியதே இல்லை.

அடுத்த சனிக்கிழமை திரும்பிப் போனேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் நிரப்பிய இடத்தை, ஒரு தாள் கனத்துக்கு, சுற்றியிருந்த பரப்பைவிடத் தாழ்த்தினேன். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு விட்டேன். கறுப்பு எழுத்து வெள்ளைக்குள் வந்து நின்றுவிடட்டும் என்று அப்படியே விட்டேன். கெடுப்பது கட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. நான்கு மணி நேரம் எடுத்தது. முடித்துவிட்டு விருந்து அறைக்குக் கொண்டுபோய் வைத்து, ஆறடி தள்ளி நின்றோம். கிண்ணம் முழுதாக இருந்தது. கிட்டப் போனோம். என் மூன்று விரல் அகலம் அமைதியாக, தான் வேறு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"இப்போது சரி" என்றார் அவர். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

புதிய காட்சி திறந்த நாளில் மகளையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். அருங்காட்சியகங்கள் என்றால் கால் வலிக்கும் என்பவள். படிக்கட்டில் நின்று இரண்டு படம் எடுத்தாள், ஆடும் மண்டபத்தில் "ஓகே, திஸ் இஸ் நைஸ்" என்றாள். விருந்து அறையில் என் கிண்ணம் நடுப் பெட்டியில் தனியாக இருந்தது. அவள் குனிந்து விளக்கக் குறிப்பை வாசித்தாள். மண் எது, ஊர் எது, எழுத்தின் பொருள் என்ன என்பதெல்லாம் மேலே இருந்தன. கடைசி வரியில், இடைவெளியை நிரப்பியவர் என்று என் முழுப் பெயரும், அதற்குப் பக்கத்தில் பல் பீங்கான் தொழில்நுட்பர் என்றும் அச்சடித்திருந்தது. என் பெயரைப் போடப் போவதாக எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"அம்மா, தட்ஸ் யூ" என்றாள்.

"ஓம்."

அவள் நிமிரவில்லை. திரும்பவும் வாசித்தாள். "ஐ யூஸ்ட் டு டெல் பீப்பிள் யூ வேர் எ டென்டிஸ்ட்" என்றாள், மெதுவாக.

"தெரியும்."

"ஹவ் லாங் ஹவ் யூ நோன்?"

"நீ மூண்டாம் வகுப்பிலை இருக்கேக்கை."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு தம்பதியிடம் அந்தக் கடைசி வரியைச் சுட்டிக்காட்டி, "தட்ஸ் மை மம்" என்றாள். அவர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். என் கணவர் ஆறடி தள்ளி ஒருதரம், கண்ணாடியில் மூக்கு முட்டும்படி ஒருதரம் என்று போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அன்றைக்கு நான் நிமிர்ந்து நின்றதுபோல் வேறெப்போதாவது நின்றேனா தெரியாது.

அதற்குப் பிறகு கிழமையில் ஒரு நாள் அங்கே எனக்குச் சம்பளத்தோடு வேலை கிடைத்தது. லாப் முதலாளி நாலு நாளுக்குச் சம்மதித்தார். இப்போது துருக்கி ஓடுகளின் சிவப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை.

போன வருஷம் எங்கள் தேவாலயத்தில் பூசை முடிந்து பெண்கள் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது எல்லாரும் பெரிய அன்ரி என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர் கேட்டார், "பிள்ளை, உந்தப் பலசுக்குள்ளை எங்களையும் விடுவினமோ?" விடுவார்கள், வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, இலவசம் என்றேன். "இங்கிலிசிலை சொன்னா எனக்கு விளங்காது. நீர் வந்து சொல்லுவீரோ?"

அருங்காட்சியக இயக்குநரிடம் கேட்டேன். அந்த வீட்டில் தமிழில் ஒரு விளக்கச் சுற்று அதுவரை நடந்ததில்லை. அவர் உடனே ஓம் என்றார். தேவாலயத்தின் சிறிய பஸ்ஸை என் கணவர் ஓட்டினார். எங்கள் பக்கத்து ஆட்களோடு கிளென் வேவர்லியில் இருந்து தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இரண்டும், ஒரு அன்ரியின் சிநேகிதியான மன்னார் முஸ்லிம் பெண்ணும் வந்தார்கள். இருபது பேருக்கு மேல்.

நான் முதல் நாள் முழுக்கச் சொற்களைத் தேடியிருந்தேன். களிமண் கரைசல், கண்ணாடிப் பூச்சு, சூளை என்று ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். படிக்கட்டில் ஏறும்போதே தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். தேவைப்படவில்லை. இத்தனை வருஷம் கையால் செய்ததை வாயால் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தது.

"இதுல யாராவது நிஜமாவே சாப்பிட்டிருப்பாங்களா?" என்று தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கேட்டார்.

"சாப்பிட்டிருக்கினம். உள்ளை பாருங்கோ, கீறல் கிடக்கு. கரண்டி பட்டது."

எல்லாரும் குனிந்தார்கள். பெரிய அன்ரி, "அட, எங்களைப் போலதான்" என்றார்.

என் கிண்ணத்துக்கு வந்தபோது எழுத்தைப் பற்றிச் சொன்னேன். "இது அரபு. சொந்தக்காரருக்கு 'பரக்கா' கிடைக்கட்டும் எண்டு எழுதியிருக்கு. ஆசீர்வாதம் எண்டு சொல்லலாம். அந்தச் சொல்லிலைதான் துண்டு விழுந்திட்டுது. நான் நிரப்பின இடம்..."

பின்னால் இருந்து மன்னார்ப் பெண் முன்னுக்கு வந்தார். கூட்டம் வழி விட்டது. அவர் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து, நின்று போன கறுப்புக் கோட்டை விரலால் காற்றில் தொடர்ந்தார். உதடு அசைந்தது.

"பரக்கத்" என்றார். "பரக்கத் எண்டு சொல்லுங்க. சோறு போடக்குள்ள எங்கட வீட்டில சொல்லுறதுதானே. பரக்கத்தா இருக்கட்டும் எண்டு."

"எங்கடை பக்கத்து வீட்டிலையும் சொல்லுவினம்" என்றேன். "நான் சின்னனிலை கேட்டிருக்கிறன். இது அதுதான் எண்டு எனக்குத் தெரியாது."

"இதுதான்" என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, எனக்குப் பதிலாகத் தானே விளக்கத் தொடங்கினார். அவர் அந்தச் சொல்லை எந்தெந்த நேரத்தில் சொல்வார்கள் என்று சொல்ல, தமிழ்நாட்டுப் பெண்கள் எங்கள் ஊரிலும் பாய் வீடுகளில் கேட்டிருக்கிறோம் என்று சொல்ல, அன்ரிமார் தங்கள் கதைகளை எடுக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நின்றேன். கவர்னர் குடும்பம் விருந்துண்ட அறையில் மூன்று விதமான தமிழ் ஒரே நேரத்தில் கேட்டது. காவலாளி என்னிடம் வந்து, எல்லாம் நல்லபடியாகப் போகிறதா என்று கேட்டார். மிக நல்லபடியாக என்றேன்.

போகும்போது வாசலில் இருந்த வருகையாளர் புத்தகத்தில் எல்லாரும் எழுதினார்கள். இரண்டு பக்கம் முழுக்கத் தமிழ். அடுத்த கிழமை இயக்குநர் அதைத் தூக்கிக்கொண்டு என் வேலைத்தளத்துக்கு வந்து, மொழிபெயர்த்துத் தர முடியுமா, ஆட்சிக் குழுவுக்குக் காட்ட வேண்டும் என்றார். நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். பெருமையாக இருக்கிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். பெரிய அன்ரியின் கையெழுத்தில் ஒன்று இருந்தது: "மெத்தச் சந்தோசம். எல்லாம் வடிவு. கதிரை காணாது."

உட்கார நாற்காலி போதாது என்கிறார் என்று அதையும் சொன்னேன். அவர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அடுத்த மாதச் சுற்றுக்கு நாங்கள் போனபோது விருந்து அறையில், சாய்மானம் வைத்த கதிரைகள் ஆறு போட்டிருந்தார்கள்.